கடத்தூர் பேசறேங்க

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் அதைப் பாதியாகச் சுருக்கிக் கூப்பிடுவார். வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவர் அக்கா. மற்ற எல்லோருக்கும் அவர் கடத்தூர்.

"ஹலோ, கடத்தூர் பேசறேங்க" என்றுதான் ஹெட்செட்டை மாட்டியதும் ஆரம்பிப்பார். அந்தப் பக்கத்திலிருந்து அரூர் பேசும், தர்மபுரி பேசும், கம்பைநல்லூர் பேசும். டெலிபோன் ஆபரேட்டர்களான எங்களுக்குள் ஊர்ப் பெயர்தான் ஆள் பெயர். "அரூருக்கு இன்னிக்குச் சளி புடிச்சிருக்குது" என்பார் அக்கா. ஊருக்கே சளி பிடித்த மாதிரி இருக்கும்.

எண்பதுகளில் நான் கடத்தூர் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன். எக்ஸ்சேஞ்ச் என்றால் சந்தைக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு போர்டு, இரண்டு நாற்காலி. ஊரில் யாராவது போனை எடுத்தால் போர்டில் அவர் நம்பருக்கு மேல் இருக்கும் சின்ன மூடி 'டக்' என்று விழும். ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, அவர் கேட்கிற இடத்தில் ஒயரின் மறுமுனையைச் செருக வேண்டும். வெளியூர் என்றால் நாங்கள் அரூரையோ தர்மபுரியையோ கூப்பிடுவோம். அவர்கள் அடுத்த ஊரைக் கூப்பிடுவார்கள். ஒரு மனிதரின் குரல் சேலம் போய்ச் சேர்வதற்குள் பல பேர் கைமாறியிருக்கும். கை கொடுத்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

நான் தங்கியதும் அக்கா வீட்டில்தான். பின்பக்க அறை ஒன்றை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் பேச வேண்டி வராதவரை வாயைத் திறக்காத மனிதர். வெட்டி மிஞ்சிய துணியெல்லாம் சாயங்காலம் அவருடைய சைக்கிள் கேரியரில் வீடு வந்து சேரும். அந்த வீட்டில் வெறுந்துணி என்று ஒன்றைப் பார்க்க முடியாது. வாசல் திரை நீலம், அதில் வெள்ளை டைமன் டிசைன். கூடத்து மெத்தையில் செம்பருத்தி அளவுக்குப் பூக்கள். தலையணையில் கோடு. தண்ணீர்ப் பானையின் மூடுதுணியில்கூடக் கட்டம். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு திரை, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

முதல் நாள் உள்ளே நுழைந்தபோது எனக்குக் கண் கூசியது. கொஞ்ச நாளில் அது ஒரு தூக்கம் மாதிரி பழகிவிட்டது. மத்தியானம் வேலை முடிந்து வந்து படுத்தால் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் திரையில் இறங்கும். சிமெண்டுத் தரையில் பூக்கள் மெதுவாக நகரும். காற்றடித்தால் கட்டங்கள் நெளிந்து தண்ணீராகும். பாதி விழிப்பில் கிடப்பேன். காதில் இன்னும் யார் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

"இத்தனை டிசைனை ஒண்ணா வெச்சும் எப்படிக்கா அடிச்சுக்காம இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெரிய பூவு பக்கத்துல பெரிய பூவு வெச்சா ரெண்டும் சண்ட போடும். நடுவுல ஒரு சின்னப் புள்ளிய வெச்சிரணும். அது ரெண்டு பேத்துக்கும் நல்ல புள்ளயா இருக்கும்" என்றார்.

குரலுக்கும் டிசைன் உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. அரூர் ஓர் ஆண்குரல், மெல்லியது, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைக்கும். அது சின்னக் கட்டம். தர்மபுரி நான்கு பிள்ளை பெற்ற அம்மா, அதட்டிப் பேசுவார். அது பெரிய பூ. கம்பைநல்லூர் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பேசினாலும் பேசாத மாதிரி இருக்கும். புள்ளி.

"நான்?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "கோடு. ஆனா தண்ணியில நனைஞ்ச கோடு."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

கண்ணை மூடுவது அவருடைய வழக்கம். நேரில் யாராவது பேசினால் இமை தானாக இறங்கிவிடும். கடைவீதியில் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தால் திருதிருவென்று விழிப்பார். அவள் வாயைத் திறந்ததும் முகம் மலரும். "மூஞ்சி மறந்துருது எனக்கு. கொரலு மறக்காது" என்பார். சில நாள் எனக்கு அது லேசான பயமாகக்கூட இருந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிடும் நான் அவருக்கு மங்கலாகத் தெரிகிறேனோ, ஒயருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்தான் அவருக்கு உடம்போடு இருக்கிறார்களோ என்று தோன்றும்.

காலையில் போர்டில் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்பது லைனைப் பற்றி அல்ல. "வூட்டுல என்ன நடக்குதுங்க?" அதற்குப் பதில் வந்த பிறகுதான் வேலை. அரூர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே புளியமரம் இருப்பதும், தர்மபுரியின் கடைசிப் பையன் கணக்குப் பாடத்தன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வதும், கம்பைநல்லூர்ப் பெண்ணின் மாமியார் வெற்றிலை இல்லாமல் பேச மாட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும். பதிலுக்கு அக்கா தன் வீட்டைச் சொல்வார். புதுத்துணி வந்தால் எந்த அறையில் தொங்குகிறது, எதற்குப் பக்கத்தில் எது என்று ஒயர் வழியாக அனுப்பிவிடுவார். அந்த வீட்டுக்குள் காலே வைக்காத பலர் அதில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை அரூருக்கும் தர்மபுரிக்கும் சண்டை மூண்டது. நடுவில் லைனை வெட்டியது யார் என்பதில் ஆரம்பித்தது, பேச்சு நின்றுபோனது. தர்மபுரி கூப்பிட்டால் அரூர் எடுப்பதில் சுணக்கம். அரூர் கேட்டால் தர்மபுரிக்கு லைன் கிடைக்காது. கால் புக் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் எங்கள் ஜன்னலில் வந்து கத்தினார்கள். அக்கா இரண்டு பேரிடமும் எதுவும் பேசவில்லை. கம்பைநல்லூர்ப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கற வரைக்கும் நீதான் ரெண்டு பக்கத்துக்கும் சொல்லணும். அரூர் என்ன சொன்னாலும் தர்மபுரிகிட்ட உன் வாயால சொல்லு. அவங்க சொல்றதை இவருகிட்ட சொல்லு."

"நானாக்கா? எனக்குப் பேசவே வராதே."

"அதனாலதான்."

அந்தப் பெண்ணின் வாயில் எந்தக் கடுஞ்சொல்லும் நிற்காது. 'அந்தாளுக்குக் காது இருக்குதான்னு கேளு' என்று தர்மபுரி சொன்னால், "அம்மா உங்களை விசாரிச்சாங்க" என்று அரூருக்குப் போகும். அந்த வாரம் முடிவதற்குள் தர்மபுரியே அரூரை நேரடியாகக் கூப்பிட்டு, "ஏங்க, அந்தப் புள்ள சொல்றதெல்லாம் நெசமாவே நீங்க சொன்னதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார்.

அடுத்த ஐப்பசியில் மழை ஊற்றியது. கம்பைநல்லூர்ப் பெண் அப்போது நிறைமாதம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள், இன்னும் சில நாள்தான் வேலைக்கு வர வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் நானும் அக்காவும் போர்டில் இருந்தோம். ஓட்டின்மேல் மழை விழும் சத்தத்தில் லைன் சரியாகக் கேட்கவில்லை. அரூர் குறுக்கே வந்தார். அவருடைய கட்டங்கள் கலைந்திருந்தன.

"கடத்தூர், கம்பைநல்லூரைக் கொஞ்சம் கேளுங்க. அந்தம்மா எதோ மாதிரி பேசுறாங்க."

அக்கா கேட்டார். நான் என்னுடைய ஹெட்செட்டில் கேட்டேன். முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "அக்கா... வலி வந்துருச்சுக்கா."

அவள் தனியாக இருந்தாள். பியூன் சாப்பிட ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனவன் திரும்ப முடியவில்லை, தரைப்பாலம் முழுகிவிட்டது. அந்த எக்ஸ்சேஞ்ச் ஊரை விட்டுத் தள்ளியிருந்தது. கத்தினாலும் அந்த மழையில் யாருக்கும் கேட்காது. அரூரிலிருந்து ஆள் அனுப்பினாலும் ஆற்றைத் தாண்ட முடியாது. கம்பைநல்லூருக்குள்ளேயே யாரையாவது போனில் கூப்பிடலாம் என்றால், அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் ஒயரைச் செருக வேண்டியவள் அவள்தான். அவளோ நாற்காலியிலிருந்து சரிந்து, ஹெட்செட்டோடு தரையில் கிடந்தாள்.

அரூர் தன் போர்டில் எங்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தர்மபுரி ஆஸ்பத்திரியைப் பிடித்து ஒரு நர்ஸை லைனில் கொண்டுவந்தார். நர்ஸ் மடமடவென்று என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லச் சொல்ல, பெண் இன்னும் பயந்துபோய், "ஆத்தா, ஆத்தா" என்று அழ ஆரம்பித்தாள். அரூருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதற்றத்தில் தமிழ் மறந்து வீட்டுத் தெலுங்கில், "பயபடொத்தம்மா, பயபடொத்து" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பயப்படாதே என்று சொன்ன அவர் குரல்தான் அதிகமாக நடுங்கியது.

வெளியே புளி மண்டிக்காரர் ஒருவர் ஜன்னல் கட்டையைத் தட்டினார். "என்னாங்கம்மா, என் பெங்களூர் கால் என்னாச்சு? எவ்ளோ நேரம் நிக்கறது?"

அக்கா திரும்பாமலே சொன்னார்: "லைன்ல ஒரு பொண்ணு புள்ள பெத்துக்கிட்டிருக்கா. கொஞ்சம் உக்காருங்க."

அவர் குடையை மடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு" என்றார் அக்கா. கண்ணை மூடிக்கொண்டார். "எந்திரிச்சு உங்கூரு ரைஸ்மில்லுக்கு ஒயரைச் செருகிருவியா? அவங்க வந்துருவாங்க."

"முடியாதுக்கா. எந்திரிக்கவே முடியாது."

"செரி, வேணாம். நீ என் வூட்டுக்கு வா."

நான் அக்காவைப் பார்த்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் மட்டும் உலர்ந்து, வெயிலில் காய்ந்த துணி மாதிரி இருந்தது.

"வந்துட்டியா? வாசத் திரை என்ன நெறம்?"

மூச்சு இரண்டு தரம் இரைத்தது. பிறகு, "நீலம்."

"அதுல?"

"வெள்ள டைமன்."

"தள்ளிட்டு உள்ள வா. படி இருக்குது, பாத்து. கூடத்துல மெத்தை இருக்குது பாரு, உக்காந்துக்க. பூவு மேலயே உக்காரு, ஒண்ணும் ஆவாது. மூச்ச விடு. வெளிய மழை, உள்ள ஒண்ணுமில்ல."

ஒயரில் மூச்சு கொஞ்சம் நீண்டது. தர்மபுரி வாயைத் திறக்கவில்லை. அரூரும் தெலுங்கை நிறுத்தியிருந்தார். ஒரு வலி வந்து போகும்வரை எல்லோரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் கடத்தூரில் போர்டுக்கு முன்னால் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. தரையில் பூக்கள் நகர்வது தெரிந்தது.

"தாகமா இருக்குமே உனக்கு. பானை எங்க இருக்குது?"

"சமையல்கட்டுல."

"டம்ளர்?"

"மேல... ஷெல்ஃபுல."

"எந்திரிச்சாத்தான எட்டும். செவுத்தப் புடிச்சுக்க. அவசரமில்ல. முட்டியப் போடு மொதல்ல. புடிச்சுக்கிட்டியா? இன்னும் கொஞ்சம். கைய மேல நீட்டு."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு முனகல்.

"கைக்கு என்ன தட்டுது?"

"ஒயருக்கா."

"அதான். ரைஸ்மில்லு எங்கன்னு உன் கைக்குத் தெரியும். செருகு."

'கிளிக்' என்றது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மில் ஓடும் சத்தத்தோடு ஓர் ஆண்குரல் "அலோ, யாருங்க?" என்றதும் நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தர்மபுரிதான் எல்லோரையும் அதட்டி அடக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஹெட்செட் தரையில் கிடந்திருக்க வேண்டும். கதவு திறந்தது, காலடிகள், பெண்களின் குரல், அந்த ஊர் நர்ஸம்மாவின் குரல் எல்லாம் தூரத்திலிருந்து வந்தன. யாரும் லைனை விடவில்லை. மண்டிக்காரர் எழுந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் மில்லுக்காரர் மனைவி ஹெட்செட்டை எடுத்து, அதில் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் கத்தினார்:

"பொட்டப் புள்ள பொறந்திருக்குதுங்க! ரெண்டு உசுரும் நல்லாருக்குது!"

அக்கா ஹெட்செட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். "யா அல்லா" என்றார். பிறகு மண்டிக்காரரைப் பார்த்து, "பெங்களூர் போடட்டுங்களா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்மா. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் அவர்.

அவ்வளவு நேரம் வெளியூர் ட்ரங்க் லைனை அடைத்து வைத்தது யார் என்று விசாரிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். வழியில் அரூருக்கும் போயிருந்தார், தர்மபுரியிலும் கேட்டிருந்தார். எங்களைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "அரூர் நான்தான் பிடிச்சேன்னு சொல்றார். தர்மபுரி அம்மா, இல்லவே இல்ல, நான்தான் விடாம வெச்சிருந்தேன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நான்தாங்க" என்றார் அக்கா.

"நானும்தான் சார்" என்றேன்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "குழந்தை நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்பினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

குழந்தைக்குக் காது குத்திய பிறகு எல்லோரும் ஒருநாள் கடத்தூரில் கூடுவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஆள் ட்யூட்டியை மாற்றிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அக்கா முந்தின நாளே திரைகளைத் துவைத்துப் போட்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்று வரவேற்றுவிட்டு, வழக்கம்போலக் கடைக்குப் போய்விட்டார்.

அரூர் உள்ளே வரக் குனிய வேண்டியிருந்தது. அத்தனை உயரம், அத்தனை பருமன், பெரிய மீசை. தர்மபுரி கண்ணாடி போட்ட, ஒல்லியான, குட்டையான அம்மா. கம்பைநல்லூர்ப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரமாக நின்றாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே தரையைப் பார்த்தார்கள்.

சேமியா பாயசம் கொடுத்தேன். குடித்தார்கள். "மழை இல்ல இந்த வருசம்" என்றார் அரூர். "ஆமாங்க" என்றார் தர்மபுரி. அதோடு தீர்ந்தது. அக்கா எல்லோரையும்விட மோசமாக இருந்தார். கண்ணை மூடுவார், யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருப்பார், யாரும் பேசாததால் மறுபடி திறப்பார். அந்த முகங்களை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கம்பைநல்லூர்ப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. தன்னைத் தரையிலிருந்து எழுப்பியவர்கள் இவர்கள்தானா என்று அவள் தேடுவது தெரிந்தது. வரவழைக்காமலே இருந்திருக்கலாம், ஒயரில் இருந்ததும் இதோடு அறுந்துவிடும் என்று நினைத்தேன்.

தர்மபுரி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

"கொஞ்சம் இருங்க" என்றார் அக்கா. எழுந்து நின்றார். "எல்லாரும் எந்திரிங்க. ஆளுக்கொரு ரூமுக்குப் போங்க."

"என்னாங்க?"

"போங்க, சொல்றேன்."

அரூர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். தர்மபுரி பழைய தையல் மெஷின் ஒன்று இருந்த சின்ன அறைக்குள். கம்பைநல்லூர்ப் பெண் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு என் அறைக்குள் போனாள். அக்கா ஒவ்வொரு திரையாக இழுத்து மூடினார். கடைசியாகத் தன் அறைக்குள் போய்த் தன் திரையையும் இழுத்துக்கொண்டார். கூடத்தில் நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம். சுற்றிலும் பூவும் கட்டமும் புள்ளியும் லேசாக ஆடி நின்றன.

"ஹலோ" என்று அக்காவின் குரல் வந்தது. "கடத்தூர் பேசறேங்க."

எங்கேயோ நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு சமையலறையிலிருந்து, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக: "அரூர்... அரூர் பேசறேங்க."

"தர்மபுரி. என்னாங்க அரூர், லைன்ல எண்ணெய் வாசம் அடிக்குது?"

என் அறைத் திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. அழுகையும் கலந்த சிரிப்பு. "கம்பைநல்லூர் பேசறேங்க" என்றது.

அப்புறம் யார் எதைப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. மழையன்று ஒவ்வொருவரும் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், நர்ஸ் சொன்னது யாருக்குப் புரியவில்லை, கணக்குக்குப் பயந்த பையன் இப்போது எப்படி இருக்கிறான் எல்லாம் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. பஸ் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

குழந்தை என் மடியிலிருந்து நழுவியது. தவழ்ந்து போய் சமையலறைத் திரைக்கு அடியில் தலையை நுழைத்தது. துணி அதன் முதுகின் மேல் வழிந்து, காலையும் மூடியது. அரூர் பேச்சை நிறுத்தினார்.

"கம்பைநல்லூர், உங்க வூட்டு ஆளு ஒண்ணு இங்க வந்திருச்சுங்க."

"இருங்க, வந்து தூக்கிக்கறேன்."

"வேணாங்க, அதுவே கெளம்பிடுச்சு."

குழந்தை கூடத்துக்கு வந்து, என்னைத் திரும்பியும் பார்க்காமல், மெஷின் அறைத் திரையைப் பிடித்து இழுத்தது. உள்ளேயிருந்து தர்மபுரியின் அதட்டல், அதில் அதட்டல் துளியும் இல்லாமல்: "அடியேய், வாடி வாடி!"

"தூக்கிட்டு வந்துரட்டுங்களா?" என்று நான் கேட்டேன்.

"விடு" என்றார் அக்கா தன் திரைக்குப் பின்னாலிருந்து. "யாரும் நடுவுல வெட்டாதீங்க. அது எல்லாரையும் பாத்துட்டு வரட்டும்."